சுரண்டியின் பொட்டலங்கள்

என் மனைவியைக் கடைத்தெருவில் எல்லோரும் சுரண்டி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சுரண்டி. அவளுக்கும் அது தெரியும். "சும்மா சொல்லலயே, சுரண்டறேன், சொல்றாங்க" என்பாள். அந்தப் பெயர் எனக்கும் பழகிவிட்டது. அவள் பார்த்த வேலைதான் கடைசிவரை பழகவில்லை. நினைத்தாலே வயிற்றைப் பிரட்டும்.

பழைய கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் ஒருவர் கையில் கிடந்தது. பின்மூடி கடிகாரத்தின் உடம்போடு சேரும் விளிம்பில், வார் கோக்கும் காதுகளின் உட்பக்கத்தில், செயினாக இருந்தால் ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில், கறுப்பும் பச்சையும் பழுப்பும் கலந்து ஒரு பசை அப்பியிருக்கும். வியர்வை, செத்த தோல், சோப்பு, பவுடர், தலையில் தடவிய எண்ணெய், மூக்கைத் துடைத்த புறங்கை, எல்லாம் அதில் சேர்த்தி. என் மனைவி அதை மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, லென்ஸ் வழியாகப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் முகர்ந்தும் பார்ப்பாள். இருபது வருடம் இதைச் செய்தாள். ஒரு நாள்கூட அவளுக்குக் குமட்டியதில்லை. பக்கத்து மேஜையில் கேமராவோடு உட்கார்ந்திருந்த எனக்கு மதியச் சாப்பாடு ஒழுங்காக இறங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எதற்கு இந்தக் கண்றாவி என்று நானும் கேட்டிருக்கிறேன். பழைய கடிகார வியாபாரத்தில் பொய் பேசாத பாகம் அது ஒன்றுதான் என்பது அவள் கட்சி. டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கலாம். முள்ளை வேறொரு கடிகாரத்திலிருந்து பிடுங்கி மாட்டலாம். பின்மூடியில் நேற்று எண் பொறித்துவிட்டு ஐம்பது வருடத்துக்கு முந்தையது என்று சாதிக்கலாம். 'இன்னார் கட்டியது, இன்ன கப்பலில் போனது' என்று சொல்லும் கடிதத்தை டீயில் நனைத்து வெயிலில் காயப்போட்டால் தாத்தா காலத்துக் காகிதம் தயார். அழுக்கை மட்டும் ஒரு வாரத்தில் உற்பத்தி பண்ண முடியாது. அது அடுக்கு அடுக்காக ஏறும். அடியில் இறுகி, மேலே இளகி இருக்கும். மூடியில் ஓடும் அழுக்குக் கோடு உடம்பிலும் தொடர வேண்டும். தொடரவில்லை என்றால் அது வேறு கடிகாரத்தின் மூடி.

இந்த ஞானம் அவளுக்குப் பல் டாக்டரிடம் கிடைத்தது. கல்யாணமான புதிதில் அவள் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். ஊராரின் பற்காறையைச் சுரண்டுவதுதான் வேலை. ஒருவர் வாயைத் திறந்தால் எத்தனை வருடமாகப் புகைக்கிறார், எந்தப் பக்கம் மெல்லுகிறார், எப்போது விளக்குவதை நிறுத்தினார் என்று காறையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒரு நாள் பளபளவென்று ஒரு ஆசாமி வந்து நாற்காலியில் சாய்ந்தார். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். இவள் அதை நகர்த்தி வைக்கப் போனவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதோட பின்மூடி இதோடது இல்ல" என்றாள். வாயில் பஞ்சோடு இருந்த மனுஷன் அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் பழைய கடிகாரங்களை வாங்கி ஏலத்துக்கு விடும் கடைக்காரர். முந்தின வாரம்தான் அதை ஏமாந்து வாங்கியிருந்தார்.

மறு மாதம் அவள் அவர் கடையில் சேர்ந்தாள். கூடவே, கல்யாண வீடுகளில் படம் பிடித்துக்கொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஏலப் புத்தகத்துக்குக் கடிகாரங்களைப் படமெடுக்க ஆள் தேவைப்பட்டது.

முதலாளியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும், நாக்கு கூசினாலும். எங்கள் இருவரையும் குடும்பத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் தங்கச்சி, நான் மாப்பிள்ளை. பேச்சில் தேன் ஒழுகும். சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்து, அதனால்தான் காது குடைவார். குடைந்த கையோடு கடிகாரத்தை எடுத்து வாடிக்கையாளர் மணிக்கட்டில் கட்டிவிட்டு, "உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்பார். பிறகு வாசனை போட்ட ஏதோ ஒரு திரவத்தை உள்ளங்கையில் பிழிந்து தேய்த்துக்கொள்வார். அந்த வாசனைக்கு நான் வாயால் மூச்சு விடப் பழகிக்கொண்டேன்.

அந்த வியாபாரமே அப்படித்தான். யாருக்கும் குமாஸ்தா கட்டிய கடிகாரம் வேண்டாம். விமானி, கப்பல் தலைவன், போரில் குண்டடி பட்டவன் என்று யாராவது கட்டியிருக்க வேண்டும். வருகிற கடிதங்களில் பாதி அந்த ரகம். இவள் படித்துவிட்டுச் சிரிப்பாள். "எல்லா வாட்ச்சும் பைலட் கையிலதான் இருந்துச்சுன்னா, அந்தக் காலத்துல பஸ்ஸை யாருங்க ஓட்டுனது?" என்று கேட்பாள். சிரித்துவிட்டு, அறிக்கையில் 'கடிதம் நம்பத்தக்கதல்ல' என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போடுவாள். அந்தக் கையெழுத்துக்கு மரியாதை இருந்தது. சுரண்டி சரி என்று சொன்னால் சரி. வெளியூர்க்காரர்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

வேலையில் அவளுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. எல்லாம் அவற்றில்தான் வந்து நின்றது.

முதலாவது, சுரண்டி எடுத்த அழுக்கைத் தூக்கிப் போடமாட்டாள். சிறிய காகிதப் பொட்டலமாக மடித்து, கடிகாரத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி, தன் மேஜையின் இழுப்பறைகளில் வரிசையாக அடுக்குவாள். நாளைக்கு யாராவது தகராறு செய்தால் எடுத்துக் காட்ட வேண்டுமாம். இருபது வருடத்தில் ஆறு இழுப்பறைகள் நிரம்பின. யோசித்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கான மனுஷர்களின் ஊத்தை, எண் வரிசையில். ஒவ்வொரு கோடையிலும் அந்த மேஜையிலிருந்து ஒரு மக்கிய நெடி கிளம்பும். "பூட்டியாவது வையேன்" என்பேன். "இதைப் போய் எவன் திருடுவான்?" என்பாள்.

இரண்டாவது, பின்மூடியில் எழுத்தோ எண்ணோ பொறித்திருந்தால், அந்தப் பள்ளத்துக்குள் அவள் குச்சியை விடமாட்டாள். பள்ளம் கீறிப்போகும். அதற்குப் பதில் நான் எடுக்கும் படத்தைக் கணினித் திரையில் ஒரு எண் ஒரு முழம் உயரம் தெரியும்படி பெரிதாக்கி வைத்துப் பார்ப்பாள். பள்ளத்தில் பழைய அழுக்கு இறுகியிருந்தால் பொறிப்பும் பழையது. வெறும் பள்ளமாகப் பளிச்சென்றிருந்தால் யாரோ நேற்று செய்த வேலை. ஆக, அந்த ஓர் இடத்தில் மட்டும் அவளுக்குக் கண் நான்தான்.

வீட்டில் நிலைமை வேறு. சாயங்காலம் அவள் வாசலில் கால் வைத்ததும் என் அம்மா குழாயைக் காட்டுவார். "போய் கையைக் கழுவிட்டு வா." மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுவாள். அப்படியும் இவள் கையால் பிசைந்த மாவை அம்மா தொடமாட்டார். இருபது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை இந்தச் சடங்கு. மாமியார் மருமகள் சண்டை என்று எங்கள் வீட்டில் வேறெதுவும் கிடையாது, இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு முடிவெட்டும் கடைக்காரரின் மகன், செத்துப்போன தன் அப்பாவின் கடிகாரத்தை விற்கக் கொண்டுவந்தார். டயலில் யாரோ கண்டபடி பெயிண்ட் அடித்திருந்ததால் முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். "அப்படின்னா சுத்தம் பண்ணியாவது கொடுங்க, நானே கட்டிக்கறேன்" என்றார் மகன். இவள் அதை முழுக்கச் சுரண்டினாள். கருமம், அது அழுக்கு அல்ல, ஒரு அடை. முப்பத்தைந்து வருடச் சவர நுரையும் வியர்வையும் சேர்ந்த பிசினில், பொடிப்பொடியாக வெட்டுப்பட்ட முடி. கறுப்பு, நரை, செம்பட்டை என்று ஊர்த்தலை முடியெல்லாம் ஒரே பசையில் செருகி நின்றது. இரண்டு முனையும் கத்தரித்த முடி. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இவளோ, "இங்க பாருங்க, எவ்வளவு நேர்மையான மனுஷன், ஒரு நாள்கூட வேலைக்கு லீவு போட்டிருக்க மாட்டார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருந்த பொட்டலங்களிலேயே பெரியது அதுதான்.

அதே வருடம் அந்தத் தையல்காரப் பெண் வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பழைய உத்தரவாத அட்டை. அவளுடைய அண்ணன் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கிப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். முங்குகிற ஆட்கள் எல்லோருக்கும் கம்பெனி ஒரே மாதிரி கடிகாரம் கொடுத்து, பின்மூடியில் ஆளுக்கொரு எண் பொறித்திருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் முங்கிய அண்ணன் மேலே வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. ஆனால் அன்று அவர் கையில் அந்தக் கடிகாரம் இல்லை. முந்தின மாதம்தான் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார், எந்தக் கடை என்று யாரிடமும் சொல்லவில்லை.

"அம்மாவுக்கு அவன் ஞாபகமா ஒண்ணும் இல்லீங்க. புதைக்கக்கூட ஒண்ணும் கிடைக்கல. இந்த வாட்ச்சு எங்கயோ ஒரு இடத்துல இருக்கும். கிடைச்சா சொல்லுங்க" என்று அட்டையைக் காட்டினாள். ஆறு இலக்கம், கடைசி எண் ஏழு. பார்க்கிற கடிகாரக் கடையில் எல்லாம் இதை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறாளாம். எங்கள் முதலாளியும் எழுதி வாங்கிக்கொண்டார். அவள் போன பிறகு சுண்டுவிரலைக் காதில் விட்டபடி அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கடிகாரம் கிடைத்துவிட்டது. ஏதோ ஒரு பழைய பழுதுகடையின் மூட்டையில் இருந்ததாக முதலாளி சொன்னார். கம்பெனி சரி, காலம் சரி, எண் சரி. இவள் இரண்டு நாள் அதைக் குடைந்தாள். வார் கோக்கும் காதுகளில் அழுக்கு பழையது. மிச்சம் இருந்தது பொறித்த எண். நான் படம் எடுத்தேன், திரையில் போட்டோம். ஆறு எண்களின் பள்ளத்திலும் பழைய அழுக்கு இறுகிக் கிடந்தது. "எண்ணு பழசுதாங்க. அந்த அண்ணனோடதேதான்" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். கையெழுத்துப் போட்டாள்.

தையல்காரப் பெண் தன்னிடமிருந்த இரண்டு மெஷினில் ஒன்றை விற்று அதை வாங்கிப் போனாள். முதலாளி அவள் தலையில் கை வைத்து அழுதார். நிஜமாகவே கண்ணீர் விட்டு அழுதார். அதையும் படம் எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.

போன ஆண்டு ஒரு விமானியின் கடிகாரம் வந்தது. வழக்கம்போலக் கடிதம், அதில் வழக்கம்போல வீரம். இவள் வாரின் காதுப் பக்கத்தில் சுரண்டிக் கண்ணாடியில் வைத்தாள், குனிந்தாள், நிமிரவே இல்லை. குனிந்தபடியே, "இங்க வாங்க" என்றாள். லென்ஸில் பார்த்தேன். பசையில் பொடிமுடி. கறுப்பு, நரை, செம்பட்டை. இரண்டு முனையும் கத்தரித்தது.

"ஒரு பைலட் மண்டையில எத்தனை கலர்ல முடி இருக்கும்?" என்றாள்.

எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்துவிட்டது. எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தாள். முடிவெட்டுபவரின் பொட்டலம் இருந்தது, தேதியும் எண்ணும் அவள் கையெழுத்தில் இருந்தன, பிரித்தால் உள்ளே காப்பித்தூள். பக்கத்துப் பொட்டலத்திலும் காப்பித்தூள். அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை, வெறும் மடிப்பு. பெரிய பெரிய பொட்டலமாகப் பார்த்து யாரோ பொறுக்கியிருந்தார்கள். கடையின் பின்னறையில் பழுது பார்க்கும் ஆள் ஒருவர் உண்டு, ஊசி முனையால் எதையும் எங்கேயும் திணிக்கக்கூடிய கைகாரர். அடியில் கொஞ்சம், மேலே கொஞ்சம் என்று அடுக்கடுக்காக அப்பத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே. எப்படி அடுக்க வேண்டும் என்பதை இவள்தான் இருபது வருடமாக வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாளே.

"அந்தத் தையல்காரம்மா வாட்ச்சோட படத்தைப் போடுங்க" என்றாள்.

போட்டேன்.

"இது இல்ல. நீங்க முதல்ல எடுத்தது. கை வைக்காதது."

எனக்கு அப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது. ஏலப் படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது முதலாளியின் நிரந்தர உத்தரவு. எடுத்த படத்தில் தூசி தும்பு முடி எது இருந்தாலும் நான் கணினியில் அழித்துவிட்டுத்தான் அவளுக்கே அனுப்புவேன். துடைக்கும் பிரஷ்ஷிலிருந்து ஒரு முடி, என் புருவத்திலிருந்து ஒரு முடி என்று எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும். அது ஒரு கைப்பழக்கம், யோசித்துச் செய்வதில்லை.

கை வைக்காத படத்தைத் திறந்தேன். கடைசி எண்ணான ஏழின் பள்ளத்தில், அழுக்கிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நரைமுடி. இரண்டு முனையும் கத்தரித்தது. பக்கத்து எண்ணில் இன்னொன்று, செம்பட்டை. தையல்காரப் பெண் எழுதிக் கொடுத்த எண்ணைப் புதிதாகப் பொறித்து, முடிவெட்டுபவரின் அழுக்கால் பள்ளத்தை அடைத்திருக்கிறார்கள். இரண்டையும் அழித்திருக்கிறேன். எவ்வளவு சுத்தமாக அழித்திருக்கிறேன் என்று வேறு தெரிந்தது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. திரையையே பார்த்துக்கொண்டு, "நான் உங்க படத்தைப் பார்த்துதானே கையெழுத்துப் போட்டேன்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு என் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

முதலாளியிடம் இரண்டு பேரும் போய் நின்றோம். காப்பித்தூள் பொட்டலத்தை அவர் மேஜையில் போட்டாள்.

"உக்காரு தங்கச்சி. முதல்ல தண்ணி குடி."

"இதுல இருந்ததை எடுத்தது யாரு?"

"குப்பைம்மா அது. குப்பையை ஒருத்தன் எடுத்தா அதுக்குப் பேரு திருட்டா?"

"அந்தத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தீங்களே, அது?"

"ஏன், அதுக்கென்ன? அதே கம்பெனி, அதே வருஷம். அவ அண்ணன் கையில இல்லன்னா, அண்ணனோட கூட முங்குனவன் எவனாவது கட்டியிருப்பான். நம்பரை நானா கண்டுபிடிச்சேன்? அவங்களேதானே எழுதிக் கொடுத்தாங்க." சிரித்தார். பல் டாக்டர் புண்ணியத்தில் பற்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. "பத்தொன்பது வருஷமா தேடுன பொம்பளைக்கு நான் அண்ணனைத் தேடிக் கொடுத்திருக்கேன். அந்த அம்மா நிம்மதியா தூங்குறாங்க. நீயே சொல்லு, யாருக்கு என்ன நஷ்டம்?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. முடியை அழிச்சுக் கொடுத்ததே நீங்கதானே? நல்லவேளை அழிச்சீங்க."

இந்த ஆளுக்கு என் வேலை என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எதை எங்கே திணித்தால் அவள் கண்ணுக்கு எட்டாது, என் கை அதைத் துடைத்துவிடும் என்று கணக்குப் போட்டே திணித்திருக்கிறார். எச்சிலைத் துப்ப இடம் தேடினேன். அங்கே தரையெல்லாம் கம்பளம்.

கடைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. போலீஸுக்குப் போனோம். "என்ன காணாமப் போச்சு?" என்றார் எழுதுகிறவர். "அழுக்கு" என்றாள். "என்னது?" "இருபது வருஷ அழுக்கு சார், பொட்டலம் பொட்டலமா வச்சிருந்தேன்." அவர் பேனாவை மூடிவிட்டு, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். முதலாளி இன்றும் அதே கடையில்தான் இருக்கிறார், வேறு யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். அவள் சந்தேகப்பட்ட பதினோரு கடிகாரங்களை வாங்கியவர்களில் பத்துப் பேருக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதினாள், 'என் கையெழுத்தை நம்பாதீர்கள்' என்று. அதில் நாலு பேர், எங்களிடம் இருப்பது அசல்தான், உங்களுக்குத்தான் பொறாமை என்று வசவு எழுதி அனுப்பினார்கள். பதினோராவது ஆளுக்கு மட்டும் கடிதம் எழுதவில்லை. "இதை எழுதக் கூடாதுங்க, நேரில போகணும்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் போனோம்.

மூன்றாவது மாடி, ஒரே அறை. ஜன்னலோரம் மிச்சமிருந்த ஒற்றை மெஷின், அதன் மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை. உள்சுவரோரம் கட்டிலில் அந்த அம்மா சுருண்டு படுத்திருந்தார். தையல்காரப் பெண் எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நாற்காலிகளிலிருந்த துணிகளை அள்ளினாள்.

"உங்களைத்தான் தினமும் நினைச்சுக்குவேன். அம்மா இப்போதான் அக்கா ஒழுங்கா சாப்பிடறாங்க. அதைக் கழற்றவே மாட்டாங்க. கழுவவும் விடமாட்டாங்க, அண்ணன் வாசனை இருக்காம் அதுல. ராத்திரி உதட்டுல வச்சுக்கிட்டுத்தான் தூங்குறாங்க."

நான் சுவரைப் பார்த்தேன். இங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாம் என்றிருந்தது. முதலாளி சொன்னது அத்தனையும் அந்த அறையில் கண்ணெதிரே உண்மையாகப் படுத்துக் கிடந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. என் மனைவி துணிகளை அள்ளிய அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது உங்க அண்ணன் வாட்ச்சு இல்லம்மா. நான் தப்பா கையெழுத்துப் போட்டுட்டேன்."

சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். என் படத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல் தாண்டினாள். அதை நான் சொன்னேன். கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றாள் அவள். பின்னால் முதலாளியின் கடை வாசலில் நாலு நாள் நின்று அதை வாங்கியும் கொடுத்தாள். ஆனால் அந்தப் பெண் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்போ, அந்த நம்பர் குழிக்குள்ள கறுப்பா ஒட்டியிருக்கே" என்றாள். "அது யாரோடது?"

"முடிவெட்டறவர் ஒருத்தர். இறந்துட்டார். அவரோட அழுக்கும், அவர்கிட்ட வந்தவங்க முடியும்."

தையல்காரப் பெண் முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிலைப் பார்த்தாள். அம்மா அந்தக் கையை மடக்கி முகத்தருகே வைத்துக் கண்மூடியிருந்தார். உதட்டுக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. அவள் ஓங்கரித்தாள். பிறகு இருந்த இடத்திலிருந்து நகராமல் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போயிடுங்க. என்னால தொட முடியாது. நீங்க கொடுத்ததுதானே, நீங்களே எடுங்க."

என் மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். மெலிந்த கை, கடிகாரம் மணிக்கட்டில் தொளதொளவென்று கிடந்தது. வாரைத் தளர்த்தும்போது அந்த அம்மா கண் விழித்தார். யார் என்று கேட்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கடிகாரக்காரி என்று நினைத்திருக்க வேண்டும், பழுது பார்க்கத்தான் எடுக்கிறாள் என்று.

"கழுவிடாதம்மா. புள்ள வாசனை போயிடும்" என்றார்.

"கழுவ மாட்டேன்மா" என்றாள்.

மாடிப்படியில் பாதி இறங்கியதும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாந்தி எடுத்தாள். நான் நெற்றியைத் தாங்கிக்கொண்டேன். நிற்கவே இல்லை, ஒன்றுமில்லாமல் போன பிறகும் வயிறு எக்கிக்கொண்டே இருந்தது. கடிகாரம் அவள் மூடிய கைக்குள்ளேயே இருந்தது. வழியில் ஒரு குழாயைக் காட்டினேன். வாயை மட்டும் இடது கையால் கொப்பளித்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் அம்மா வழக்கம்போலக் குழாயைக் காட்டினார்.

"போய் கையைக் கழுவிட்டு வா. சாப்பாடு ஆறுது."

இவள் கடிகாரத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, நேரே வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள். வலது கையின் விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"ஏய், கை" என்றார் அம்மா.

"இன்னைக்கு வேணாம் அத்தை. கழுவ மாட்டேன்னு ஒருத்தங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

அந்தக் கையால்தான் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.